ஒற்றை இலைப் படம் பார்த்து மருந்து சொல்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கைப்பேசிக்கு வரும் இலைப் படத்தைப் பார்த்துப் பயிருக்கு யோசனை சொல்லும் வேளாண் அலுவலர்கள், பயிர் மருத்துவர்கள், செயலி உருவாக்கும் பொறியாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

நீங்கள் செய்வது பெரிய வேலை. வயலில் நின்றுகொண்டே ஒரு படம் எடுத்து அனுப்பினால் கொஞ்ச நேரத்தில் பதில் வருகிறது. எங்கள் அப்பா காலத்தில் இப்படி ஒரு வசதி இருந்ததில்லை. அதைக் குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை. அது எங்களுக்குச் சரியாகப் பயன்பட வேண்டும் என்ற ஆசையில் எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். ஒற்றை இலையின் படத்தை மட்டும் பார்த்து மருந்தின் பெயரைச் சொல்லாதீர்கள். அந்த இலை செடியில் எங்கே இருந்தது, அந்தச் செடி வயலில் எங்கே நின்றது, எந்த நேரத்தில் படம் எடுத்தீர்கள் என்று முதலில் எங்களைக் கேளுங்கள். பறித்து உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்த இலை, முகவரி கிழிந்த கடிதம் மாதிரி. உள்ளே எழுதியிருப்பது தெரியும். யார் எழுதியது, எங்கிருந்து வந்தது என்பது தெரியாது.

இது எனக்கு அடிபட்டுப் புரிந்த விஷயம். ஒரு வருடம் மிளகாய் நட்டிருந்தேன். ஐம்பது நாள் பயிராக இருக்கும்போது கொழுந்து இலைகள் சுருள ஆரம்பித்தன. ஒன்றைக் கிள்ளிப் படம் எடுத்து, யோசனை சொல்லும் ஓர் இடத்துக்கு அனுப்பினேன். இலைப்பேன் என்று பதில் வந்தது, ஒரு பூச்சிமருந்தின் பெயரோடு. அடித்தேன். ஒரு வாரத்தில் சுருட்டல் கூடியது. மறுபடி படம் அனுப்பினேன். மறுபடி ஒரு பூச்சிமருந்து, வேறு பெயரில். அதையும் அடித்தேன். மூன்றாவது வாரம் பக்கத்து வயல்காரப் பெரியம்மா வரப்பில் போகும்போது நின்று பார்த்தார். குனிந்து நாலைந்து செடிகளைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏம்ப்பா, இலை மேலே பார்த்துச் சுருண்டிருக்கா, கீழே பார்த்துக் கவுந்திருக்கா?"

அப்போதுதான் நான் கவனித்தேன். எல்லா இலையும் கவிழ்த்துப் போட்ட படகு மாதிரி ஓரம் கீழே மடங்கியிருந்தது. இலைக்காம்பு வழக்கத்தைவிட நீண்டிருந்தது. இலைப்பேன் சாறு உறிஞ்சினால் ஓரம் மேல்நோக்கி மடங்கும், நிமிர்த்தி வைத்த படகு மாதிரி. கீழ்நோக்கி மடங்கினால் அது பெரும்பாலும் மஞ்சள் முரணைச் சிலந்தி. வெறும் கண்ணுக்கு அது சிக்காது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துக் கொழுந்தின் அடிப்பக்கத்தைப் பார்த்தால், எண்ணெய்த் துளி மாதிரி மினுமினுப்பாக நகர்வது தெரியும். அதற்கு எட்டுக் கால். பூச்சி இனமே கிடையாது. அதனால் பூச்சிக்கென்று செய்த மருந்து பலவற்றுக்கு அது சாவதில்லை. சில மருந்துகள் அதைத் தின்னும் நல்ல சிலந்திகளைக் கொன்றுவிடுவதால், அது முன்னைவிட வேகமாகப் பெருகும். நான் இரண்டு முறை செய்தது அந்த வேலையைத்தான். கடைசியில் நனையும் கந்தகத்தை (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்) மாலை வேளையில் இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடித்தபிறகு வந்த கொழுந்துகள் விரிந்து வந்தன. அதற்குள் முதல் பூ எல்லாம் கொட்டிவிட்டது.

நான் அனுப்பிய படத்தில் இலை என் உள்ளங்கையில் தட்டையாகக் கிடந்தது. சுருள்கிற திசையே அதில் இல்லை. பதில் சொன்னவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். நானும் செடியோடு சேர்த்துப் படம் எடுக்கத் தெரியாதவனாக இருந்தேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே மிளகாயில் வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு வைரஸும் வரும். அப்போது இலை சிறுத்து, நரம்பு தடித்து, செடியே குட்டையாகிவிடும். அதற்கு எந்த மருந்தும் கிடையாது. ஆரம்பத்திலேயே அந்தச் செடியைப் பிடுங்கி எடுப்பதுதான் வழி. இலைப்பேன், சிலந்தி, வைரஸ் மூன்றுக்கும் மூன்று விதமான முடிவு. படத்தில் மூன்றும் சுருண்ட இலைதான்.

சரி, பூச்சியை விட்டுவிடுவோம். சத்துக் குறைவுக்கு வருவோம். இலையின் இடம் இங்கே இன்னும் முக்கியம். நீங்கள் படித்தவர்கள், இது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எங்கள் வாயால் ஒருமுறை கேளுங்கள். ஏனென்றால் படிப்பில் இருக்கும் இந்தப் பாடம், பதில் சொல்லும்போது காணாமல் போய்விடுகிறது.

வீட்டில் கஷ்டம் வந்தால் பெரியவர்கள் தங்கள் பங்கைக் குறைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். செடியும் அப்படித்தான். தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), மக்னீசியம் இவையெல்லாம் செடிக்குள் இடம் மாறக்கூடியவை. மண்ணில் வரத்து குறைந்தால், செடி அடியிலையிலிருந்து அவற்றை எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பும். அதனால் அடியிலைதான் முதலில் முகம் வாடும். தழைச்சத்துக் குறைந்தால் அடியிலை முழுவதும் வெளிறி மஞ்சளாகும். மக்காச்சோளத்தில் அந்த மஞ்சள் நுனியில் தொடங்கி நடுநரம்பு வழியே உள்ளே இறங்கும். சாம்பல்சத்துக் குறைந்தால் அதே அடியிலையின் ஓரம் தீய்ந்துகொண்டு வரும், நடு பச்சையாக நிற்கும். நடுவில் இறங்கினால் ஒன்று, ஓரத்தில் தீய்ந்தால் வேறொன்று. இரண்டும் தூரத்திலிருந்து பார்த்தால் காய்ந்த அடியிலைதான்.

இரும்பு, சுண்ணாம்புச்சத்து (கால்சியம்), போரான் இவை போன இடத்திலேயே உட்கார்ந்துவிடும். ஓர் இலைக்குப் போனபின் அடுத்த இலைக்கு எளிதில் எழுந்து வராது. அதனால் இவை குறைந்தால் அடியிலை நன்றாக இருக்கும், கொழுந்து தவிக்கும். துத்தநாகமும் கந்தகமும் கிட்டத்தட்ட இந்தப் பக்கம்தான் சேரும்.

இப்போது இரண்டு இலைகளை எண்ணிப் பாருங்கள். இரண்டிலும் நரம்பு பச்சை, நரம்புக்கு நடுவே மஞ்சள். ஒன்று செடியின் அடியில் இருந்து எடுத்தது, மற்றொன்று நுனிக் கொழுந்து. அடியிலையில் அப்படி இருந்தால் மக்னீசியம். பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பது மக்னீசியம்தான் என்பதால், அது போனால் பச்சை போகும். சாம்பல்சத்து உரத்தை அளவுக்கு மேல் போட்டாலும் வேர் மக்னீசியத்தை எடுப்பது குறைந்துவிடும் என்பதால், உரம் போட்டவனுக்கே இந்தக் குறை வரலாம். கொழுந்தில் அப்படி இருந்தால் பெரும்பாலும் இரும்பு. பறித்துத் தட்டையாக வைத்துப் படம் எடுத்தால் இந்த இரண்டையும் எந்தக் கண்ணும் பிரித்துச் சொல்வது கடினம். செடியில் இருக்கும்போது ஒரு சிறு பிள்ளைகூடப் பிரித்துவிடும்.

இரும்பைப் பற்றி ஒரு வார்த்தை அதிகம் சொல்லிக்கொள்கிறேன், ஏனென்றால் இலையைப் பார்த்து முடிவெடுப்பதன் வரலாற்றில் அதற்கு ஓர் இடம் உண்டு. 1840களில் பிரான்சில் எசேப் கிரி என்பவர் சோகை பிடித்த இலைகளுக்கு இரும்பு உப்புக் கரைசலைக் கொடுத்து, பச்சை திரும்புவதைக் காட்டினார். இலைமேல் அந்தக் கரைசல் பட்ட இடம் மட்டும் பச்சையாகும். எனக்கு இது மிகவும் பிடித்த சோதனை. அன்னபேதி என்ற இரும்பு உப்பை லேசாகக் கரைத்து ஒரு வெளிறிய கொழுந்தில் பாதிக்கு மட்டும் தடவி வைத்தால், சில நாளில் செடியே பதில் சொல்லிவிடும். பெரிய செலவு இல்லை, தவறினாலும் போவது ஓர் இலை. இதை எந்த ஆலோசனையிலும் யாரும் எனக்குச் சொன்னதில்லை. நேராக ஏக்கர் கணக்குக்கு அளவு சொல்லிவிடுகிறார்கள்.

இரும்புக் குறைவு என்று இலை சொன்னாலும் மண்ணில் இரும்பு இல்லை என்று அர்த்தம் இல்லை. சுண்ணாம்பு மண்ணில் இரும்பு நிறைய இருக்கும், வேரால் எடுக்க முடியாத வடிவத்தில் இருக்கும். அங்கே மண்ணில் இரும்பைக் கொட்டினால் அதுவும் கட்டிப்போகும். இலைவழி கொடுப்பதுதான் அப்போதைக்குக் கை கொடுக்கும். தண்ணீர் தேங்கி வேர் மூச்சுத் திணறினாலும் கொழுந்து வெளுக்கும். அப்போது தேவை வடிகால். ஆக, இலை 'எனக்குக் கிடைக்கவில்லை' என்றுதான் சொல்கிறது. ஏன் கிடைக்கவில்லை என்பதை மண்ணைத் தோண்டித்தான் பார்க்க வேண்டும். தக்காளியில் காயின் அடி கறுத்துப் போவதும் இதே கதை. சுண்ணாம்புச்சத்து தண்ணீரோடுதான் மேலே ஏறும். ஒருநாள் வெள்ளம், பத்துநாள் வறட்சி என்று பாய்ச்சினால், மண்ணில் எவ்வளவு இருந்தாலும் காய்க்குப் போய்ச் சேராது. அங்கே தெளிப்பு மருந்தைவிட முறையான பாசனம்தான் மருந்து.

சத்துக் குறையை நோய் என்று நம்பி ஏமாந்த கதைகளும் உண்டு. இமயமலை அடிவாரத் தராய் நிலங்களில் நெல்லில் 'கைரா' என்று ஒன்று வந்தது. நட்ட சில வாரத்தில் இலையில் துரு நிறத்தில் புள்ளிகள் விழுந்து, செடி குட்டையாகி, வயல் திட்டுத் திட்டாக நிற்கும். பார்த்தால் பூஞ்சை என்றுதான் தோன்றும். 1960களில் பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தில் ஒய். எல். நேனே என்ற பயிர் நோய் ஆய்வாளர் அது துத்தநாகக் குறைவு என்று நிறுவினார். துத்தநாக சல்பேட்டையும் சுண்ணாம்பையும் கலந்து தெளித்ததில் பயிர் தேறியது. இன்றைக்கும் பெயர் மட்டும் 'கைரா நோய்' என்றே நிற்கிறது. புள்ளியைப் பார்த்ததும் பூஞ்சைக்கொல்லி சொல்லும் பழக்கம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி.

நெல்லில் இலையை முறையாகப் பார்க்க ஒரு நல்ல கருவியே இருக்கிறது. இலை வண்ண அட்டை. முதலில் ஜப்பானில் வந்தது. 1990களில் பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் அதை எளிமையாக்கி விவசாயிகள் கையில் கொடுத்தது. வெளிர்பச்சையில் தொடங்கிக் கரும்பச்சை வரை எண் போட்ட பட்டைகள். நெல் இலையின் நரம்பு மாதிரியே அதிலும் வரிகள் இருக்கும். அதை வைத்துப் பார்க்கும் விதத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் நான் சொல்ல வருவது முழுவதும் அதற்குள் இருக்கிறது.

காலை எட்டு, பத்து மணிக்குள் வயலில் இறங்க வேண்டும். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, உடம்பின் நிழல் இலைமேல் விழும்படி வைத்துக்கொள்ள வேண்டும். வெயில் நேராகப் பட்டால் கரும்பச்சையும் வெளிறித் தெரியும். தூரின் மேலே முழுதாக விரிந்த கடைசி இளம் இலையைப் பிடிக்க வேண்டும். பறிக்கக் கூடாது. அதன் நடுப்பகுதியை அட்டைமேல் வைத்து, எந்தப் பட்டையோடு ஒத்துப்போகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் நடு எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். இப்படி வயலில் அங்கங்கே பத்துத் தூர். பத்தில் ஆறு இலை குறித்த எண்ணுக்குக் கீழே இருந்தால் தழைச்சத்து மேலுரம் போட வேண்டும். நாற்று நட்ட நெல்லில் பல ரகங்களுக்கு அந்த எண் 4. நேரடியாக விதைத்த நெல்லுக்கு 3. நட்ட 14ஆம் நாள் தொடங்கிப் பூக்கும் வரை, 7 முதல் 10 நாளுக்கு ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் அதே ஆள், அதே நேரம்.

இந்த முறையில் இருக்கும் ஒவ்வொரு நிபந்தனையையும் பாருங்கள். எந்த இலை என்று சொல்லியிருக்கிறது. இலையின் எந்தப் பகுதி என்று சொல்லியிருக்கிறது. எந்த வெளிச்சம், எத்தனை செடி, எந்த நாள் என்று சொல்லியிருக்கிறது. வெறும் நிறத்தைப் பார்க்கவே இத்தனை கட்டுப்பாடு தேவைப்பட்டிருக்கிறது. நாங்கள் நண்பகல் வெயிலில் எடுத்து அனுப்பும் படத்தில், கைப்பேசி தன் விருப்பத்துக்கு நிறத்தைக் கூட்டிக் குறைத்துவிடுகிறது. அதைப் பார்த்து 'தழைச்சத்துக் குறைவு, யூரியா போடுங்கள்' என்று சொன்னால் அது எவ்வளவு தூரம் சரியாக இருக்கும்?

யூரியா போடு என்பது சாதாரணப் பேச்சும் கிடையாது. நெல் கரும்பச்சையாகத் தளதளவென்று நிற்பதைப் பார்த்தால் எங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். வரப்பில் போகிறவர்களும் நின்று பார்ப்பார்கள். ஆனால் அந்தக் கரும்பச்சையும் ஒரு செய்திதான். தழைச்சத்து மிஞ்சிய இலை மெல்லியதாக, சாறு நிறைந்ததாக இருக்கும். சாறு உறிஞ்சும் புகையான் பூச்சியும் இலைச்சுருட்டுப்புழுவும் குலைநோய்ப் பூஞ்சையும் அதைத்தான் தேடி வரும். கதிர் வரும் நேரத்தில் பயிர் சாயும். அட்டையைக் கையில் வைத்துப் பார்க்கும்போது 'இப்போது போட வேண்டாம்' என்ற முடிவும் அடிக்கடி கிடைக்கிறது. அந்த முடிவின் மதிப்பைப் பெரும்பாலான ஆலோசனைகள் கணக்கில் எடுப்பதே இல்லை. ஏதாவது செய்யச் சொன்னால்தான் ஆலோசனை என்று நாங்களும் நினைக்கிறோம், நீங்களும் நினைக்கிறீர்கள்.

சும்மா இருக்கச் சொல்லும் இலை இன்னொன்று: மக்காச்சோள நாற்றில் வரும் ஊதா நிறம். மணிச்சத்துக் குறைந்தால் இலை ஊதாவாகும் என்பது சரிதான். ஆனால் மண் குளிர்ந்திருக்கும் நாளில் வேர் மந்தமாகி, மண்ணில் சத்து இருந்தும் எடுக்க முடியாமல் அதே ஊதா வரும். வெயில் வந்து மண் சூடானதும் அடுத்த இலை பச்சையாக வரும். அந்த ஒரு வாரம் பொறுக்கச் சொல்ல ஒருவர் வேண்டும்.

அடுத்து வயலில் செடி நிற்கும் இடம். வரப்பில் நின்று முழு வயலையும் பார்த்தால் இலை சொல்லாத பாதி அங்கே தெரியும். வயல் முழுக்க ஒரே சீராக வெளுத்திருந்தால் சத்தையோ பருவநிலையையோ நினைக்கலாம். வட்டத் திட்டுகளாகக் காய்ந்தால், நெல்லாக இருக்கும் பட்சத்தில், தூரை விலக்கித் தண்ணீருக்கு மேலே பாருங்கள், புகையான் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். இலையை எத்தனை படம் எடுத்தாலும் அதில் புகையான் இருக்காது. ஓர் ஓரத்தில் மட்டும் அதிகமாகி உள்ளே போகப் போகக் குறைந்தால் காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்று கேளுங்கள். பருத்தி இலை திடீரென்று விரல் விரலாகக் குறுகி வெண்டை இலை மாதிரி ஆனால், பக்கத்தில் எங்கோ 2,4-டி களைக்கொல்லி அடித்திருக்கிறார்கள். பருத்திக்கு அதன் வாடையே ஆகாது. ஒரு முறை எனக்கு இதற்கு வைரஸ் என்று பதில் வந்தது. நேர்க்கோடாக, தெளிப்பான் போன பாதையிலேயே சேதம் இருந்தால் தப்பு எங்கள் கையில், கழுவாத டேங்கில் இருக்கிறது. இயற்கையில் நேர்க்கோடு அபூர்வம். கோடு தெரிந்தால் முதலில் மனிதக் கையைத் தேட வேண்டும்.

பருத்தியிலேயே இன்னொரு குழப்பம். இலை சிவந்துவிட்டது என்று படம் வரும். தத்துப்பூச்சி உறிஞ்சினாலும் சிவக்கும், மக்னீசியம் குறைந்தாலும் சிவக்கும். தத்துப்பூச்சியாக இருந்தால் ஓரம் கீழே மடங்கி, ஓரத்திலிருந்து மஞ்சளாகிச் சிவக்கும். இலையைத் திருப்பினால் வெளிர்பச்சைக் குஞ்சுகள் பக்கவாட்டில் நண்டு மாதிரி ஓடும். மக்னீசியமாக இருந்தால் அடியிலையில், நரம்பு பச்சையாக இருக்க, நடுவில் மட்டும் சிவக்கும். திருப்பிப் பார்த்தால் எதுவும் ஓடாது. இலையின் முதுகைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி எனக்கு ஒருவர்கூட இதுவரை கேட்டதில்லை. பூச்சிகளில் பாதி அங்கேதான் குடியிருக்கிறது.

நேரத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பூசணி மாதிரி அகல இலைப் பயிர் நண்பகலில் துவண்டு மாலையில் நிமிர்ந்தால் கவலை இல்லை. வேர் கொடுப்பதைவிட வெயில் அதிகம் கேட்கிறது, அவ்வளவுதான். விடிகாலையிலும் துவண்டிருந்தால்தான் தாகம். மக்காச்சோளம் காலையிலேயே இலையைக் குழலாகச் சுருட்டிக்கொண்டால் தண்ணீர் தாமதமாகிவிட்டது. மண் ஈரமாக இருந்தும் விடிகாலையில் துவண்டிருந்தால் அது வேரில் அல்லது தண்டில் நோய். தக்காளியோ கத்தரியோ அப்படித் துவண்டால், தண்டை அடியில் அறுத்து ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நுனி படும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டிய இடத்திலிருந்து பால் நூல் மாதிரி இறங்கினால் பாக்டீரியா வாடல். இதைச் சொல்ல ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு டம்ளர் போதும். ஆனால் துவண்ட இலையின் படத்தில் காலை எது, நண்பகல் எது?

ஆய்வுக்கூடக்காரர்கள் இந்த விஷயத்தில் எப்போதும் கறாராக இருந்திருக்கிறார்கள். தென்னையில் இலை ஆய்வு என்றால் 14ஆவது மட்டை. எண்ணெய்ப்பனையில் 17ஆவது. வாழையில் மேலிருந்து மூன்றாவது இலை. மக்காச்சோளம் பட்டு நூல் விடும் நேரத்தில் கதிரை ஒட்டிய இலை. வேறு இலையைக் கொண்டுபோனால் எண் வரும், ஆனால் அதை எதனோடும் ஒப்பிட முடியாது. இன்னொன்றும் அவர்கள் சொல்வார்கள்: இலை வெளியே காட்டுவதற்கு முன்பே விளைச்சல் குறைய ஆரம்பித்துவிடும். கண்ணுக்குத் தெரியாத பசி. நாங்கள் மஞ்சளைப் பார்த்துப் பதறும்போது ஏற்கெனவே கொஞ்சம் தாமதம். அதனால்தான் பதற்றத்தில் இன்னும் ஒரு தப்பான மருந்தும் சேர்ந்தால் தாங்காது என்கிறேன்.

செயலி செய்யும் பொறியாளர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 54,306 இலைப் படங்கள், 14 பயிர்கள், 26 நோய்கள். கணினிக்குக் கற்றுக்கொடுத்துச் சோதித்தபோது 99.35 சதவீதம் சரியாகச் சொன்னது. அதே கணினிக்கு வேறு சூழலில் எடுத்த படங்களைக் காட்டியபோது சரியானது 31.4 சதவீதம்தான். முதல் கூட்டத்துப் படங்கள், இலையைப் பறித்துத் தாள்மேல் வைத்து எடுத்தவை. அந்த ஆய்வைச் செய்தவர்கள் இந்தக் குறையைத் தாங்களே எழுதியிருக்கிறார்கள், அதற்காக அவர்களை மதிக்கிறேன். எனக்கு அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில் என் மிளகாய் வயல் தெரிகிறது. உங்கள் கருவி 'நோய் இது' என்று மட்டும் சொல்லாமல் 'எனக்கு இது இவ்வளவு உறுதி' என்றும், 'அடியிலையையும் காட்டுங்கள்' என்றும் சொல்லட்டும். தெரியவில்லை என்று சொல்வதில் எந்தக் குறையும் இல்லை. தெரியாமல் மருந்து சொன்னால்தான் எங்களுக்குப் பயிர் போகிறது.

ஆக, ஒரு படம் வந்தால் இப்படிக் கேளுங்கள் என்பது என் வேண்டுகோள். முழுச் செடியின் படம் ஒன்று. கொழுந்து ஒன்று, அடியிலை ஒன்று, இரண்டும் செடியிலேயே இருக்கும்போது. இலையின் முதுகு ஒன்று. வரப்பில் நின்று எடுத்த வயல் படம் ஒன்று. எல்லாம் காலை நேரத்தில், நிழல் படும்படி. அப்புறம் இரண்டு கேள்வி: எப்போது ஆரம்பித்தது, அதற்கு முந்தைய பத்து நாளில் வயலில் என்ன செய்தீர்கள். இந்த இரண்டாவது கேள்விக்கு நாங்கள் சொல்லும் பதிலில்தான் பாதி விடை இருக்கும். எங்கள் செயலைக் கேட்டால் கோபித்துக்கொள்வோம் என்று தயங்க வேண்டாம்.

மருந்து சொன்னாலும் முழு வயலுக்கும் ஒரே நாளில் சொல்லாதீர்கள். அவசரம் இல்லாத இடத்தில், நாலு வரிசைக்கு மட்டும் அடித்துவிட்டுப் பக்கத்து நாலு வரிசையை விட்டுவைக்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்து எந்த இலையைப் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தீய்ந்த இலை எந்த மருந்துக்கும் திரும்பப் பச்சையாகாது. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று இன்னொரு டேங்க் கலக்கிவிடுகிறோம். அடித்தபிறகு புதிதாக வந்த இலையைத்தான் பார்க்க வேண்டும் என்று ஒருவர் சொல்லியிருந்தால், நானே எத்தனையோ தெளிப்பை மிச்சம் பிடித்திருப்பேன்.

எங்கள் பக்கமிருந்து நான் செய்வதையும் சொல்லிவிடுகிறேன். என் சட்டைப் பையில் இப்போது ஒரு லென்ஸ் எப்போதும் இருக்கிறது. ஒரு சிறு நோட்டில் தேதி போட்டு, எந்த இலை, என்ன நிறம், என்ன செய்தேன் என்று எழுதி வருகிறேன். பக்கத்து வயல்காரர்கள் படம் எடுக்கக் கூப்பிட்டால் இலையைப் பறிக்க விடுவதில்லை.

இன்று காலை என் வயலின் கிழக்கு ஓரத்தில் நாலு செடியில் கொழுந்து வெளுத்திருந்தது. நரம்பு பச்சையாக இருக்கிறது, அடியிலை நன்றாக இருக்கிறது. அந்த ஓரத்தில் போன வாரம் தண்ணீர் நின்றது. ஐந்து படம் எடுத்து, இந்த மூன்று வரியையும் எழுதி, உங்களில் ஒருவருக்கு அனுப்பியிருக்கிறேன். ஒரு கொழுந்தில் பாதிக்கு அன்னபேதிக் கரைசலைத் தடவி, அடையாளத்துக்கு நூல் கட்டி வைத்திருக்கிறேன். வாய்க்கால் வெட்டிவிட்டு உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு விவசாயி